பேரரசியின் தமிழ்

விளக்குகள் அணைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வெண்தாடிக்காரர் இறந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதாநாயகனின் தோளில் கைவைத்து இவ்வளவு கனிவாகப் பேசுகிறவர்களை இத்தகைய படங்கள் அரைமணி நேரத்துக்கு மேல் உயிரோடு விட்டுவைப்பதில்லை. முதல் பாகத்தில் ஒரு தளபதி இப்படிப் பேசிவிட்டுத்தான் இறந்தார், இரண்டாம் பாகத்தில் ஒரு மருத்துவர், மூன்றாம் பாகத்தில் பேசத் தெரிந்த ஓர் இயந்திரம். மூன்று பாகங்களையும் இந்த ஒரு வாரத்தில் வீட்டுத் தொலைக்காட்சி முன் குறிப்பேட்டோடு அமர்ந்து பார்த்து முடித்தேன். பாடத்தைப் படிக்காமல் தேர்வறைக்குள் நுழையும் வழக்கம் மாணவியாக இருந்தபோதும் எனக்கில்லை, ஆசிரியையாக இருந்தபோதும் இல்லை. படத்தின் பெயர் ‘கடைசிக் கவசம்’. கடைசி என்று பெயரை வைத்துக்கொண்டு நான்காம் முறையாக வந்திருக்கிறார்கள், கூச்சமே இல்லாமல். குளிர்சாதனக் காற்று நேராக என் இடது காதுக்குள் இறங்குகிறது. சால்வையை இழுத்துப் போர்த்துகிற சாக்கில் பக்கவாட்டில் பார்த்தேன். என் மருமகள் சுகிர்தா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். உடனே திரும்பிக்கொண்டாள். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியையின் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் இப்படித்தான் திரும்பிக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அந்தப் பார்வைகளுக்கு நடுவில்தான் இருந்தேன். அப்போதெல்லாம் பேனா என் கையில் இருந்தது, அச்சம் அவர்கள் கண்ணில் இருந்தது. இன்று பேனாவும் என்னிடமே, அச்சமும் என்னிடமே. படம் முடிந்து விளக்கு எரியும், அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், நான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது?

இந்தப் படத்துக்குத் தமிழ் செய்தவள் அவள். செய்தவள் என்றே சொல்லி வருகிறேன். சென்னைக்கு வந்து மகன் வீட்டில் தங்கிய நாள்முதல் அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்கள் உங்கள் மருமகள் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டால், ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் செய்து கொடுக்கிறாள் என்பேன். வேறு வினைச்சொல் என் நாவில் ஏறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி ஒரு காட்சியைக் காட்டினாள். புது வேலை, முகமெல்லாம் வெளிச்சம். நான் பார்த்து முடித்துவிட்டு, “இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதுவதற்கு எங்கள் பள்ளியில் வேறு பெயர் உண்டு” என்றேன். மடிக்கணினியின் மூடியை மெல்ல மூடினாள். டக் என்று சின்னதாக ஓர் ஓசை. பிறகு எனக்கு இரண்டாம் முறை ரசம் ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒன்றையும் காட்டியதில்லை. மூன்று ஆண்டுகளில் எத்தனையோ கதவுகள் படாரென்று சாத்தப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை, அந்த டக் நிற்கிறது. இந்த முறை அவள் பெயரே திரையில் வருகிறதாம், முதல் முறையாக. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு இரண்டு சீட்டு வாங்கி வைத்துவிட்டு, “வர்றீங்களா அத்தை?” என்று மட்டும் கேட்டாள். கிளம்பும்போது என் மகன் குற்றாலிங்கம் செருப்பை எடுத்து வைக்கிற பாவனையில் குனிந்து, “அம்மா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. ஒரே ஒரு வார்த்தை” என்று கிசுகிசுத்தான். தகுதியில்லாத ஒரு மதிப்பெண்ணை என் கை போட்டதில்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கே நான் போட்டதில்லை. எட்டாம் வகுப்பில் என் வகுப்பிலேயே இரண்டாமவனாக வந்தான்.

வெண்தாடிக்காரர் இறந்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இருபத்தாறாம் நிமிடம். இருட்டில் வலக்கை விரலை மடக்கிக்கொண்டேன்; சரியான விடைக்கு ஒரு விரல். இனி கதாநாயகன் மழையில் நனைய வேண்டும். நனைந்தான். நகைச்சுவை நண்பன் ஒருவன் வந்து பொருத்தமில்லாத நேரத்தில் பசிக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னான். ஒரு பெருநகரம் இடிய வேண்டும், பாலம் ஒன்று நடுவில் முறிய வேண்டும், பாலத்தின் விளிம்பில் ஒரு பேருந்து பாதி தொங்க வேண்டும், பேருந்துக்குள் ஒரு குழந்தை இருக்க வேண்டும். அத்தனையும் வரிசை தவறாமல் வந்தன. ஒரு கை விரல்கள் தீர்ந்து மறு கையைத் தொடங்கினேன். எத்தனை ஊர்களில் எத்தனை கணினிகளுக்கு முன் எத்தனை பேர் உட்கார்ந்து இந்தப் பாலத்தை ஓட்டை ஒடிசல் இல்லாமல் கட்டி, ஒவ்வொரு கம்பியாக முறித்திருப்பார்கள். அதில் ஒருவராவது, ஐயா, போன பாகத்திலும் பாலம்தானே முறிந்தது, இந்த முறை வேறு எதையாவது முறிப்போமே என்று கேட்டிருக்க மாட்டாரா? கேட்டிருப்பார். போன முறை பாலத்துக்குத்தான் கூட்டம் வந்தது என்று மேலே இருப்பவர் சொல்லியிருப்பார். ஆய்வாளர் வருகிற நாளுக்குப் போன ஆண்டு நன்றாகப் போன அதே பாடத்தை மறுபடியும் நடத்துகிற ஆசிரியைகளை நான் அறிவேன். அதே கேள்விக்கு அதே பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆசிரியைகளை நான் அறிவேன் என்கிறேனே, யாரை அறிவேன்? அங்கேதான் எனக்கு முள் குத்துகிறது. தொண்ணூற்று நான்கு என்ற எண்ணை நினைக்க வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

தொண்ணூற்று நான்கு. அந்த ஆண்டு வெளியூரில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். மே மாதம், மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். எனக்குக் கொடுத்த கட்டுக்குள் நாற்பத்தொரு விடைத்தாள்கள். ‘மழைக்காலத்தில் ஒரு நாள்’ என்ற கட்டுரை. முதல் தாளில், வானம் தன் சாம்பல் போர்வையை உதறிற்று என்று ஒரு வாக்கியம். அடடா என்று நிமிர்ந்தேன். இரண்டாம் தாளிலும் வானம் உதறிற்று. மூன்றாவதிலும். நாற்பத்தொன்றிலும் வானம் அதே போர்வையை அதே இடத்தில் உதறிற்று. கட்டைத் தூக்கிக்கொண்டு முதன்மைத் தேர்வாளரிடம் போனேன். அறையே திரும்பிப் பார்த்தது. ஐயா, ஒட்டுமொத்தமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், இவ்வளவு நல்ல வாக்கியம் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வராது, எந்த நூலிலிருந்தோ திருடியது என்று முழங்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் தாளை உரக்கப் படிக்கத் தொடங்கினார். கண்ணால் படித்தபோது தெரியாதது காதில் விழுந்தபோது தெரிந்தது. மூன்றாம் வாக்கியத்தை அவர் முடிக்குமுன் நான் உள்ளுக்குள் முடித்திருந்தேன். அது என் கட்டுரை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நான் அமைத்து, வகுப்புக்கு வகுப்பு சொல்லச் சொல்ல எழுதவைத்த மாதிரிக் கட்டுரை. என்னிடம் படித்த யாரோ ஒருத்தி ஆசிரியையாகி, அந்த ஊருக்குப் போய், என் போர்வையை அப்படியே உதறியிருக்கிறாள். என் கணிப்புத் தவறு ஐயா என்று கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் அம்மா, என்ன ஆயிற்று என்றார். நல்ல கட்டுரை என்று மட்டும் சொன்னேன். நாற்பத்தொருவருக்கும் பத்துக்கு ஒன்பது. முழு மதிப்பெண் நான் யாருக்கும் போட்டதில்லை, எனக்கும் போடவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, போய்ச் சேர்ந்துவிட்ட என் கணவரிடம்கூட.

யாரோ சீழ்க்கை அடித்தார்கள். நிமிர்ந்தேன். பேரரசி வெல்கரா வந்துவிட்டாள், இந்தப் பாகத்துக்கென்று புதிதாகச் செய்த கொடியவள். மூக்கிலிருந்து தாடைவரை கரிய இரும்பு முகமூடி. அதைப் பார்த்ததும் சமையலறை நினைவுக்கு வந்தது. அடுப்பில் குழம்பு கொதிக்க, சுகிர்தா அலைபேசியில் ஒரு துண்டுக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, வாயை மூடி மூடித் திறந்துகொண்டிருப்பாள். என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். “அவன் உதடு மூடுற இடத்துல நம்ம பேச்சுலயும் உதடு மூடணும் அத்தை. ‘பா’வோ ‘மா’வோ வரணும். அவன் வாய் திறந்திருக்கறப்ப நான் ‘ஆமாம்’னு முடிச்சா கேவலமா இருக்கும்” என்றாள். அப்போது கேட்டுக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். ஆனால் நெஞ்சுக்குள் ஒன்று சிலிர்த்தது உண்மை. எந்த இடத்தில் எந்த ஓசை விழ வேண்டும் என்று முன்னமே வரையறுத்து, அந்த வரம்புக்குள் பொருளும் கெடாமல் சொல்லை நிறுத்துவது. யாப்பு என்று இதைத்தானே நான் கரும்பலகையில் கிறுக்கிக் கிறுக்கிச் சுண்ணக்கட்டிகளைத் தேய்த்தேன்? “முகமூடி போட்டவங்கதான் எனக்குத் தெய்வம். உதடு தெரியாது. என்ன வேணா பேசலாம்” என்று அன்று சிரித்தாள். இப்போது முகமூடிக்காரியின் முன்னால் கைதிகளை நிறுத்தியிருக்கிறார்கள். கவசம் எங்கே என்று கேட்கிறாள். கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறான். இனி, ஒருபோதும் சொல்லமாட்டேன் என்பான், அவள் உரக்கச் சிரிப்பாள் என்று அடுத்த விரலை மடக்கத் தயாரானேன். அவள் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. “கூரையைப் பார்க்காதே. விடையை அங்கே எழுதி வைக்கவில்லை” என்றாள். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. என் விரல் பாதி மடங்கிய நிலையில் நின்றது.

அது என்னுடையது. முப்பத்து நான்கு ஆண்டுகள், நாள்தோறும், குறைந்தது மூன்று முறை. திருமணமாகி வந்த முதல் வாரத்தில், அரிசி ஊறப்போட்டாயா என்று நான் கேட்டபோது சுகிர்தா அண்ணாந்து யோசித்தாள், அவளிடமும் சொன்னேன். திரும்பி அவளைப் பார்க்க வேண்டும் என்று கழுத்து விரும்புகிறது, மனம் தடுக்கிறது. அவளும் இப்போது என்னைப் பார்க்கவில்லை, திரையில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறாள். ஆக, என்னை அழைத்து வந்தது இதற்கா? ஒன்பது உலகங்களை எரித்த பேரரசியாகத்தான் என்னை வைத்திருக்கிறாளா, நெஞ்சில்? ரசத்தை இரண்டாம் முறை ஊற்றியபோது உள்ளுக்குள் இந்த முகமூடியைத்தான் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளா? அவசரப்படாதே மரகதவல்லி, ஒரு தாளைப் பார்த்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, ஒரு முறை ஓடிப் பார்த்தாயிற்று. இடைவேளை விட்டார்கள். “குளிருதா அத்தை?” என்றாள். இல்லை என்றேன். “காப்பி?” வேண்டும் என்றேன். அவள் வரிசையில் நிற்க, நான் தூண் ஓரமாக நின்றேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நெஞ்சளவு சோளப்பொரி வாளியை அணைத்துக்கொண்டு தம் மனைவியிடம், “அந்த வில்லி சூப்பர்ல? எங்க ஆறாங்கிளாஸ் டீச்சரே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு. எனக்கு இப்பவும் கை தன்னால கட்டுது” என்றார். அந்த அம்மாள், “அவங்களாவது உங்களைக் கட்டிப்போட்டாங்களே” என்றாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சற்றே நிமிர்ந்து நின்றேன். காப்பியில் சர்க்கரை மிகுதி. பரவாயில்லை.

இரண்டாம் பாதியில் விரல் மடக்குவதை விட்டுவிட்டேன். கதாநாயகன் தன் தந்தையின் பழைய படத்தை எடுத்துப் பார்க்கிறான், பார்க்கட்டும். நண்பன் காட்டிக்கொடுத்துவிட்டுத் திருந்துகிறான், திருந்தட்டும். வானத்தில் ஒரு நீல ஒளித்தூண் எழுந்து சுழல்கிறது, சுழலட்டும். இவர்கள் எல்லாரும் மாதிரிக் கட்டுரையைத்தான் ஒப்பிக்கிறார்கள். இவர்களுக்கு உதடு தெரிகிறது, பாவம், தப்பிக்க வழியில்லை. நான் முகமூடிக்காக மட்டும் காத்திருக்கிறேன். தோற்றுத் திரும்பிய தளபதி மண்டியிட்டு, வருந்துகிறேன் பேரரசி என்கிறான். “வருந்து. வருந்திக்கொண்டே வேலையைச் செய்” என்கிறாள். எனக்கு ஊறுகாய் நெடியே மூக்கில் ஏறியது. முதல் ஆண்டு மாங்காய்ப் பருவத்தில் என் ஊறுகாய்ச் சாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, வருத்தமா இருக்கு அத்தை, வருத்தமா இருக்கு அத்தை என்று கைபிசைந்து நின்றவளிடம் துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நான் சொன்னது. அன்று அவள் அழவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அன்றே பத்திரப்படுத்திக்கொண்டாளோ. முன்வரிசையில் கைதட்டுகிறார்கள். ஒன்பது உலகங்கள் எரிந்துவிட்டன, பத்தாவது மிச்சம். தளபதி கேட்கிறான், இதையும் முடித்துவிடலாமா? இத்தகைய படங்களில் விடை ஒன்றுதான், முடித்துவிடு என்று அண்டம் அதிரக் கத்துவது. முகமூடி மெல்லத் திரும்புகிறது. “ஒன்பது போதும். முழுதும் கிடைத்துவிட்டால் நாளைக்கு வந்து என்ன செய்வது?” என் கண்ணாடி மங்கியது. காப்பியின் சூடு காரணமில்லை, காப்பியை எப்போதோ குடித்து முடித்துவிட்டேன். முழு மதிப்பெண் கேட்டு முரண்டுபிடித்த பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் நான் சொன்ன விடை அது. சுகிர்தாவிடம் எப்போது சொன்னேன்? வத்தக்குழம்பு எப்படி அத்தை என்று கேட்டபோது, ஒன்பது என்றேன். அந்த ஒன்று ஏன் குறைகிறது என்றாள். சொன்னேன். பகையாக எண்ணுகிறவர் வாய்ச்சொல்லை யாராவது இவ்வளவு துல்லியமாக, ஓர் அசை சிந்தாமல், ஏழெட்டு ஆண்டுகள் ஏந்தி வைத்திருப்பார்களா? என் சொற்களை இப்படி அருகிருந்து கேட்டவர் யார்? நாற்பத்தொரு பிள்ளைகள் என் போர்வையை உதறினார்கள். ஒருவரும் என் குரலைக் கேட்டதில்லை.

பேரரசியைக் கொன்றுவிட்டார்கள். நீல ஒளித்தூணுக்குள் விழுந்தாள். இதுவும் தெரிந்ததுதான், தெரிந்தும் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் யாரோ ‘ச்சே’ என்றார்கள், அந்த முகந்தெரியாத நல்லவருக்கு மனத்துக்குள் நன்றி சொன்னேன். எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறத் தொடங்கின. விளக்கு பாதி எரிந்தது. எழப் போனேன். “உட்காருங்க அத்தை, கடைசியில ஒரு துண்டு வரும்” என்றாள். அதனால்தான் ஒருவரும் எழவில்லை போலும். நூற்றுக்கணக்கில் பெயர்கள், முறிந்த பாலத்துக்கே இருநூறு பேர். எல்லாவற்றுக்கும் கடைசியில், நான் சால்வையை மடித்துக்கொண்டிருந்தபோது, வந்தது: தமிழ் வசனம், சுகிர்தா குற்றாலிங்கம். ஒற்றுப்பிழை இல்லை. அவள் மடியில் கைகளைக் கோத்திருந்தாள், கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன.

“கோபமா அத்தை?” என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

“எதற்கு?”

“முன்னாடியே கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“சொல்லியிருப்பேன்.”

அவள் தலை குனிந்தது. இதுதான் அந்த இடம். மகன் கொடுத்தனுப்பிய அந்த ஒரு வார்த்தை நாவில் வந்து நின்றது; நல்லா இருக்கு என்பது எல்லாரும் சொல்வது, வானம் போர்வையை உதறுவதுபோல. அதற்குப் பதிலாக, எனக்கே வியப்பாக, தொண்ணூற்று நான்கைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். முகாம், மின்விசிறி, நாற்பத்தொரு தாள், நான் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த வேகம், கண்ணாடியைத் துடைத்த தேர்வாளர், மூன்றாம் வாக்கியம். அவள் முதலில் நம்பாமல் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்தியும் பயனில்லாமல் தோள் குலுங்கியது. “நீங்களேவா?” என்றாள். நானேதான் என்றேன். என்ன மார்க் போட்டீர்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் ஒன்பது என்றோம்.

விளக்கு மீண்டும் அணைந்தது. கடைசித் துண்டு. கரிந்த இடிபாடு, புகை, ஒன்றும் அசையவில்லை. அப்புறம் சாம்பலுக்குள்ளிருந்து கரிய முகமூடி, ஒரு பக்கம் கீறல் விழுந்து. ஒரு கண் திறந்தது. இறந்தவர்கள் திரும்புவது இந்தப் படங்களில் பழைய செய்தி, அதை நான் முதல் பாகத்திலேயே குறித்துவிட்டேன். ஆனால் திரும்பி வந்தவள் என்ன சொல்வாள்? விடுமுறை கழிந்து, காய்ச்சல் கழிந்து, கணவர் இறந்த பதினாறாம் நாள் கழிந்து வகுப்புக்குள் நுழைந்து, சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, நான் என்ன சொல்வேன்? பேரரசி மூச்சை இழுத்தாள். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரலில், அவளுக்கு அரைநொடி முன்னால், நான் சொல்லிவிட்டேன்.

“நேற்று எங்கே விட்டோம்?”

திரையும் அதையே சொன்னது. அரங்கம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையிலிருந்து சோளப்பொரிக்காரர் திரும்பினார், மடியில் வாளி, கண்ணில் குற்றச்சாட்டு. “ஏற்கெனவே பாத்துட்டீங்களாம்மா?”

நான் வாயெடுக்குமுன் சுகிர்தா முந்திக்கொண்டாள். “இல்லைங்க. எழுதினதே இவங்கதான்.”

பிழையைத் திருத்தாமல் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. எழுந்து நின்றேன்.

“இல்லை” என்றேன். “எழுதியது இவள். பெயர் போட்டார்களே, பார்க்கவில்லையா?”

அவர் கூரையைப் பார்த்தார்.